ஐந்தே நிமிடம்

கருங்கல்லில் பேக்கரிக்கு மேலே ஒற்றை அறை.
சுவரெல்லாம் முட்டை அட்டை.
கீழே பன் வேகும் வாசனையில்
வெறும்வயிற்றோடு நான் சொல்வேன்:
"ஏழே நாளில் மூட்டுவலி மாயம்."

கண்ணாடிக்கு அப்பால் ராபின்சன் அண்ணன்
இரு விரலால் தன் உதட்டை இழுத்துக் காட்டுவார்.
சிரித்துக்கொண்டு சொல் என்று அர்த்தம்.
சிரிப்பு குரலில் தெரியுமாம்.
நாற்பது நொடிக்கு அறுநூறு ரூபாய்.
சாவு அறிவிப்புக்கு முந்நூறு.
அதற்குச் சிரிக்க வேண்டாம்.

இந்த ஊரில் என் முகம் பலருக்குத் தெரியாது.
குரல் போகாத தெரு இல்லை,
அஜினின் ஆட்டோ கூரையில் ஏறி,
ரப்பர் தோட்டத்து இறக்கத்தில் தேய்ந்து,
வளைவில் பாதி வார்த்தை காற்றோடு போய்.
"முற்றிலும்" சிலருக்குக் கேட்கும்,
"இலவசம்" சிலருக்கு.
"நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்பதை
ஒரே மூச்சில் விழுங்கிவிட்டுப் போக
நான் கெட்டிக்காரி.

சந்தையில் சாளை பார்த்துக்கொண்டிருந்தேன்.
"நூறுக்கு எத்தன தருவிய?"
இவ்வளவுதான் கேட்டேன்.
பக்கத்தில் நின்றவர் திரும்பினார்.
"நீயில்லியா அது, பிளாட்டுக்குப் பேசின பிள்ள?"

டென்சிங். மஸ்கட்டில் பத்தொன்பது வருஷம்
அடுத்தவன் அறைக்கு ஏசி மாட்டியவர்.
லீவில் வந்த அன்றைக்கே ஜன்னல் வழியே கேட்டிருக்கிறார்:
பேருந்து நிலையத்திலிருந்து ஐந்தே நிமிடம்,
மொட்டைமாடியில் நின்றால் கடல்.
நாலு சென்ட் வாங்கிவிட்டார்.
கோபமில்லை. அறியத்தான் கேட்டார்:
"அஞ்சு மினிட்டு எந்த வண்டியிலயாக்கும், மக்ளே?"

மீன்காரி வாய்விட்டுச் சிரித்தாள்.
சாளை வாங்காமல் வந்துவிட்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து
ஸ்கூட்டியைப் பேருந்து நிலையத்தில் நிறுத்தி
செல்போனில் நொடிகளை ஓடவிட்டுக் கிளம்பினேன்.
ரயில் கேட் மூடியிருந்தது.
திருவனந்தபுரம் பாசஞ்சர்
யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்காததுபோல்
மெல்லப் போனது.
செம்மண் ஏற்றம், அன்னாசி வைத்த சரிவு,
மஞ்சள் உரிந்த எல்லைக் கற்கள்.
இருபத்தேழு நிமிடம்.

கடல் இல்லை.
மேற்கே தென்னைகளுக்கு மேல் வெளிறிய ஒரு கோடு;
வானமாகவும் இருக்கலாம்.
டென்சிங் வீடு பாதி எழும்பியிருந்தது.
முதல் மாடியில் தெரியவில்லை போல,
இரண்டாவதற்குக் கம்பி கட்டியிருந்தார்.

மறுநாள் அதே மனை, இரண்டாம் கட்ட விற்பனை.
சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்:
"பேருந்து நிலையத்திலிருந்து இருபத்தேழு நிமிடம்,
கேட் திறந்திருந்தால் பத்தொன்பது."
ராபின்சன் அண்ணன் ஹெட்போனைக் கழற்றினார்.
"இதக் கேட்டு எவன் வருவான்?"
"வாறவன் வரட்டும்."
"அறுநூறு ரூவா யாரு தருவா?"

மகனுக்கு டியூஷன் பாக்கி இரண்டு மாதம்.
ஐந்தே நிமிடம் என்று பதிந்துவிட்டு எழுந்தேன்.
சிரிக்கவில்லை.
அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

படி இறங்குமுன் ஒருவர் தாளோடு ஏறி வந்தார்.
அம்மா இறந்துவிட்டார்.
லில்லிபாய், எண்பத்தொன்று, வீட்டு அடையாளம்,
நாளை காலை பத்து மணி.
"அமைதியாக" என்று எழுதி
அவரே அதை வெட்டியிருந்தார்.
"கடைசி நாலு மாசம் அப்பிடி இல்ல" என்றார்,
நான் கேட்காமலேயே.
வெட்டியதை விட்டு மீதியை வாசித்தேன்.
ஒரே தடவையில் சரியாக வந்தது.

அஜினிடம் இருப்பது ஒரே பென்டிரைவ்.
மழை விட்ட நேரம், எங்கள் தெரு.
கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தார்கள்,
யார், எத்தனை வயது, எத்தனை மணி.
பத்து மணி என்றால் பத்து மணிதான்;
எந்தக் கடிகாரத்தில் என்று யாரும் கேட்கவில்லை.

அறிவிப்பு முடிந்து அடுத்தது தானாக ஓடியது.
ஐந்தே நிமிடம், என்றேன்.
மாடியில் நின்றால் கடல், என்றேன்.

வாசலுக்கு வந்தவர்கள் உள்ளே போகவில்லை.
அதே முகத்தோடு
அதையும் நின்று கேட்டார்கள்.